கல் பேசிய தமிழைக் கைப்பேசி பேசாதா?

தகடூர் என்னும் பழம்பெயரை இழந்து இன்று தருமபுரி என வழங்கும் ஊரின் அகழ்வைப்பகத்தில் ஒரு கல் காக்கப்பட்டு வருகின்றது. அது கி.பி. 13ஆம் நூற்றாண்டினது என ஆய்வாளர் கணித்த வழிக்கல். அவ்வழியின் பெயர் அதியமான் பெருவழி என்பதையும், அங்கிருந்து நாவற்றாவளம் என்னும் இடத்திற்கு 29 காதத் தொலைவு உண்டு என்பதையும் அக்கல் தமிழ் எழுத்தாலும் தமிழ் எண்ணாலும் உரைக்கின்றது. இவ்வளவே எனின் அதில் பெருவியப்பு இல்லை. தமிழ் மண்ணில் நாட்டிய கல் தமிழ் பேசாமல் வேறெதைப் பேசும்?

வியப்பு அதன்மேல் உள்ளது. எழுத்தோடு எண்ணோடு நில்லாமல், அக்கல்லில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் குடையப்பட்டுள்ளன. பெரிய குழி ஒவ்வொன்றும் பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒவ்வொன்றும் ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாத வண்டிக்காரனும் பொதிமாட்டுக்காரனும் குழிகளை எண்ணிப் பார்த்து இன்னும் 29 காதம் நடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். வழி என்பது கற்றவனுக்கு மட்டும் உரியதன்று. அவ்வழியில் நடப்பவன் எவனோ அவனுக்குத் தெரியும்படி பேசுவதே வழியை ஆள்பவன் கடமை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் கல்தச்சன் ஒருவனும் அவனை ஏவிய ஆட்சியும் இதனை அறிந்திருந்தனர்.

அதே தகடூர் மண்ணில் இன்று 44ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகின்றது. கிருட்டிணகிரியிலிருந்து தருமபுரி வழியாகத் தொப்பூர்க் கணவாயை நோக்கி இறங்கும் அச்சாலையில் பாளையம்புதூரை அடுத்து ஒரு சுங்கச்சாவடி நிற்கின்றது. அந்தச் சாவடி இன்றைய வழிப்போக்கனிடம் எம்மொழியில் பேசுகின்றது? அதியமான் பெருவழிக் கல்லுக்கு இருந்த அறிவு அதற்கு உண்டா? இக்கட்டுரை கேட்பது இதனையே.

உல்கும் பழையது, வழியும் பழையது

வழிச்செல்வோரிடம் அரசு பொருள் தண்டுவது தமிழர்க்குப் புதிதன்று. அதற்கு உல்கு என்று பெயர். திருக்குறளின் பொருள்செயல்வகையில் அச்சொல் உள்ளது. மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகள் செல்லும் உல்குடைய பெருவழியையும், அதனைக் காத்து நின்ற வில்வீரரையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. பிற்காலத்தில் முதற் குலோத்துங்கன் சுங்கந் தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். உல்கு தண்டியதையும் மக்கள் நினைவிற் கொண்டனர். உல்கு தவிர்த்ததையும் நினைவிற் கொண்டனர். ஏனெனில் அது ஆள்வோனுக்கும் ஆளப்படுவோனுக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் நேர்முகப் பேச்சு. எவ்வளவு, எதற்கு, யாருக்கு என்பன மூன்றும் அப்பேச்சில் தெளிவாக இருத்தல் வேண்டும்.

இன்று அப்பேச்சு கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. உந்துவண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிய பாசுடேக் என்னும் சிறு பட்டையைச் சாவடிப் பொறி தொலைவிலிருந்தே படிக்கின்றது. வண்டிக்காரர் கணக்கிலிருந்து பணம் கழிகின்றது. கழிந்த செய்தி அவர் கைப்பேசிக்கு வருகின்றது. 2021 பிப்பிரவரி 15 நள்ளிரவு முதல் இது கட்டாயம் ஆயிற்று. பட்டை இல்லாதவரும் பட்டை செல்லாதவரும் இரட்டைக் கட்டணம் இறுக்க வேண்டும் என்று விதித்தனர். 2025 நவம்பர் 15 முதல் அவ்விதியில் ஒரு மாற்றம் செய்தனர். செல்லும் பட்டை இல்லாதவர் கைப்பேசி வழியே யூபிஐ முறையிற் செலுத்தினால் ஒன்றேகால் மடங்கு. தாளாக நீட்டினால் முன்போலவே இரண்டு மடங்கு. 100 உருபா கட்டணம் எனின், கைப்பேசிக்காரர்க்கு 125, கைப்பணக்காரர்க்கு 200.

இக்கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரிசர்வு வங்கி எனப்படும் இந்தியச் சேமவைப்பகம் அச்சிட்ட தாள் நாடெங்கும் செல்லும் என்பது 1934ஆம் ஆண்டுச் சட்டம். அத்தாளை அந்த அரசின் சாலை வாயிலிலேயே நீட்டினால் அதற்கு அரைவிலை! கையில் தாளுடன் நிற்பவர் யார்? பாலக்கோட்டுச் சந்தையிலிருந்து தக்காளிக் கூடைகளைச் சிறு சரக்குந்தில் ஏற்றிக்கொண்டு சேலம் செல்லும் உழவரை எண்ணிப் பார்க்க. தக்காளி விலை விழுந்த நாளில் கூடைக் கூலியே கைக்கு எட்டாது. அந்நாளில் அவர் பட்டை செல்லவில்லை என்று பொறி சொன்னால், அவர் இறுக்குவது இரட்டைக் கட்டணம்.

பட்டை ஏன் செல்லவில்லை? இங்கேதான் மொழிச்சிக்கல் முளைக்கின்றது. 2024 சனவரியில் நெடுஞ்சாலை ஆணையம் ஓர் அறிவிப்பு விடுத்தது. தம்மை இன்னார் என்று மெய்ப்பிக்கும் சான்றுகளை முழுமையாகத் தந்து முடிக்காதவர்களின் பட்டைகள் அம்மாத இறுதிக்குப் பின் செயலிழக்கும் என்றது. பின்னர் அந்நாளை நீட்டித்தது. இவ்வகை அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலக் குறுஞ்செய்திகளாகவே கைப்பேசிக்கு வருகின்றன. இருப்புக் குறைந்தது என்பதும், பட்டை முடக்கப்பட்டது என்பதும் ஆங்கிலம். படிக்கத் தெரிந்தவர் விரலால் தட்டிச் சரிசெய்துகொண்டார். படிக்கத் தெரியாதவர் சாவடிக்கு வந்த பின்னரே அறிந்தார். அவர் செய்த குற்றம் கட்டணம் தர மறுத்தது அன்று. தம் தாய்மண்ணில் தம் தாய்மொழியை மட்டும் அறிந்திருந்ததே. அதற்குத் தண்டம் ஒரு மடங்கு!

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தினது 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே அதுதான் கடைசி. தமிழ் எழுத்தையே பத்தில் மூவர் அறியாத மாவட்டத்தின் சாலையில் ஆங்கிலக் குறுஞ்செய்தியை நம்பி ஆட்சி நடத்துகின்றனர். குழி குடைந்த கல்தச்சன் இதைக் கண்டால் என்ன சொல்வான்?

வண்டி நிறுத்தும் இடத்திலும் அதே கதை

சாலையில் ஓடும் வண்டிக்கு நேர்ந்தது நிற்கும் வண்டிக்கும் நேர்ந்து வருகின்றது. பெருநகரங்களில் மகிழுந்தை நிறுத்துவோர் கைப்பேசிச் செயலியைத் திறக்க வேண்டும். அல்லது பலகையில் ஒட்டிய கட்டக்குறியைக் கைப்பேசியாற் படம்பிடிக்க வேண்டும். வண்டி எண்ணை இட்டு, எத்தனை மணி நேரம் என்று குறித்து, மறைவெண் தட்டிப் பணம் செலுத்த வேண்டும். சென்னை மாநகராட்சி இம்முறையை அண்மை ஆண்டுகளிற் சில சாலைகளிற் புகுத்தியது. ஐதராபாத்து வானூர்தி நிலையத்தில் 2019இல் சாலைப் பட்டையையே வண்டி நிறுத்தக் கட்டணத்திற்கும் பயன்படுத்திப் பார்த்தனர். பின் அது வேறு இடங்களுக்கும் பரவியது. பெருநகரில் தொடங்குவது சிறுநகருக்கு வந்தே தீரும். ஒகேனக்கல்லிற்கு ஆடிப்பெருக்கு நீராட வரும் கூட்டத்தின் வண்டிகளுக்கும் நாளை கட்டக்குறியே வாயிற்காவலன் ஆகும்.

இம்முறை தீதென்று கூற வரவில்லை. இதில் நன்மை உண்டு. அதை மறைப்பது அறமாகாது. சுற்றுலா இடங்களில் வண்டிக்கு இருபதோ ஐம்பதோ வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டுச் சீட்டுத் தராமல் அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டார் அனைவரும் அறிந்ததே. கைப்பேசி வழிச் செலுத்தினால் செலுத்தியதற்குச் சான்று உண்டு. சில்லறைச் சண்டை இல்லை. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு கிழித்து வைக்கும் தாள்சீட்டுக்கு மாற்றாகக் கைப்பேசிச் செயலி வந்தபோது, நின்ற மணித்துளிக்கு மட்டுமே கட்டணம் என்றாயிற்று. முன்னதாகவே வண்டியை எடுத்தால் மிகுதிப் பணம் திரும்ப வரும். எளியவர்க்கு இது நல்ல ஏந்து.

ஆனால் எந்த ஏந்தும் அதனைப் பயன்படுத்துவோன் அறிந்த மொழியில் இல்லையெனின் ஏந்தாகாது, பொறியாகும். பொறி என்பதற்கு எலிப்பொறி என்னும் பொருளும் உண்டு. 2021ஆம் ஆண்டு இறுதியிலும் 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் அமெரிக்கத் தெக்சாசு மாநிலத்தின் ஆசுட்டின், சான் அந்தோணியோ நகர்களில், வண்டி நிறுத்தக் கட்டணப் பொறிகளின்மேல் திருடர் பொய்க் கட்டக்குறிகளை ஒட்டிவைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதனைப் படம்பிடித்துப் பணம் செலுத்தியோரின் பணம் நகராட்சிக்குச் செல்லாது, கள்வனுக்குச் செல்லும். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள நாட்டிலேயே இந்த நிலை. திரையில் யார் பெயர் வருகின்றது, எவ்வளவு என்று வருகின்றது, இது செலுத்துவதா பெறுவதா என்று படித்துணர முடியாத தமிழ் முதியவர் எவ்வாறு தப்புவார்? இங்கும் சாலைக் குற்றத் தண்டம் என்ற பெயரிற் பொய்ச்செய்தி விடுத்து, இணைப்பைத் தொடச் செய்து, கணக்கைத் துடைக்கும் கள்வர் பெருகியுள்ளனர். மெய்ச்செய்தி தமிழில் வருவது வழக்கமாக இருந்தால், பொய்ச்செய்தியை இனங்காணல் ஓரளவேனும் எளிதாகும். இரண்டும் புரியாத மொழியில் வரும்போது மெய்யும் பொய்யும் ஒரே முகத்துடன் நிற்கின்றன.

தாளில் இருந்த தமிழ் திரையில் எங்கே?

ஒரு பணத்தாளை எடுத்துப் பார்க்க. பின்புறம் இடப்பக்கத்தில் பதினைந்து மொழிகளின் பட்டியல் உண்டு. அதில் பதின்மூன்றாவதாகத் தமிழ் நிற்கின்றது. ஓரத்தில், சிற்றெழுத்தில், இந்திக்குத் தந்த இடத்தில் நூற்றில் ஒரு பங்கும் இல்லாமல் நிற்கின்றது, ஆயினும் நிற்கின்றது. கொள்ளையடிக்க வந்த வெள்ளையன் அச்சிட்ட தாளிலும் தமிழ் இருந்தது. பணம் என்பது மக்கள் கையில் புழங்குவது. மக்கள் மொழி அதில் இல்லாவிடில் ஏமாற்று நடக்கும் என்னும் வணிக அறிவு அவனுக்கு இருந்தது.

2016 ஏப்பிரலில் யூபிஐ என்னும் பணமாற்று முறை தொடங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் பழைய 500, 1000 உருபாத் தாள்கள் செல்லாதன ஆக்கப்பட்டன. அடுத்து வந்த புதுத்தாள்களில் தேவநாகரி எண்களையும் நுழைத்தனர். ஒன்றியத்தின் அலுவல் எண் பன்னாட்டு வடிவினது என்று அரசியற் சட்டத்தின் 343ஆம் பிரிவு கூறியிருக்க, தாளில் தேவநாகரி எண் எதற்கு என்று தமிழ்நாட்டிலிருந்து முறைமன்றம் வரை வழக்குச் சென்றது. தமிழர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அதற்குள் பணம் தாளை விட்டே வெளியேறிக் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. தாளின் ஓரத்திலிருந்த தமிழை அது உடன் அழைத்துச் செல்லவில்லை.

இதற்கு ஒரு சான்று போதும். பேச்சாலேயே பணம் செலுத்தும் முறையைச் சேமவைப்பகம் 2023 ஆகத்து 10ஆம் நாள் அறிவித்தது. எழுத்தறியாதவர்க்கும் முதியவர்க்கும் உதவ வல்ல முறை அது. பேசினாற் போதும், பொறி கேட்டுச் செய்யும். அதியமான் பெருவழியின் குழிகளுக்கு இக்கால ஒப்பு எனலாம். ஆனால் அறிவிப்பில் என்ன கூறினர்? முதற்கண் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். பிற மொழிகள் பின்னர் என்றனர். எப்போதும் இதே வரிசைதான். முதற் பந்தி அவர்களுக்கு. இலை எடுக்கும் வேளையில் தமிழனுக்கு அழைப்பு. அத்துறையில் இட்ட பெயர்களைப் பார்த்தாலே மனப்போக்குத் தெரியும்: பீம், ரூபே! தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் வரைந்த உருபாக் குறியும் 2010இல் தேவநாகரி 'ர' வடிவிலேயே ஏற்கப்பட்டது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டரசு தன் வரவு செலவுத் திட்டச் சின்னத்தில் 'ரூ' என்னும் தமிழெழுத்தை இட்டவுடன் வடபுலத்தார் துள்ளிக் குதித்ததையும் நாடு கண்டது. தமிழெழுத்து ஒன்றுக்கே அவ்வளவு கொதிப்பு.

வைப்பகங்கள் வாடிக்கையாளர்க்கு வைக்கும் பலகைகளும் அச்சுப் படிவங்களும் இந்தி, ஆங்கிலம், அவ்வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருத்தல் வேண்டும் என்று சேமவைப்பகமே நெறி வகுத்துள்ளது. அந்நெறியும் முழுமையாகப் பேணப்படவில்லை என்பதை எந்த வைப்பகக் கிளையிலும் காணலாம். ஆயினும் நெறி ஒன்று உண்டு. படிவம் தாளிலிருந்து திரைக்குச் சென்றதும் அந்நெறி தாளோடு தங்கிவிட்டது. கிளையில் தமிழ் கேட்க உரிமையுள்ள ஒருவர், கைப்பேசியில் அதே வைப்பகத்திடம் தமிழ் கேட்க இயலாமல் நிற்கின்றார்.

இயலாது என்பது பொய்

தமிழில் செய்ய இயலாது என்று சிலர் இன்னும் கூறுவர். தமிழ் 99 விசைப்பலகை 1999இல் ஏற்கப்பட்டது. ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. இந்தியாவில் விற்கும் கைப்பேசி ஒவ்வொன்றும் 22 மொழிகளின் எழுத்துகளையும் திரையிற் காட்ட வல்லதாக இருத்தல் வேண்டும் என்னும் நடுவணரசின் தர ஆணை 2018இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே தருமபுரிக் கடைத்தெருவில் விற்கும் மிக எளிய கைப்பேசியும் தமிழ் காட்டும். காட்டும் கண்ணாடி அணியமாக உள்ளது. காட்டுவதற்குத் தமிழை அனுப்புவோர் இல்லை.

இன்னொரு சான்று கடைத்தெருவிலேயே ஒலிக்கின்றது. தேநீர்க்கடையிலும் காய்கறித் தள்ளுவண்டியிலும் ஒரு சிறு ஒலிப்பெட்டி வைத்துள்ளனர். பணம் வந்ததும் இத்தனை உருபா பெறப்பட்டது என்று அது தமிழிற் கூறுகின்றது. அதனைச் செய்தது எந்த அரசும் அன்று. ஊதியம் ஒன்றையே நோக்கும் தனியார் நிறுமங்கள். பூ விற்கும் அம்மையார் திரையைப் பார்க்க மாட்டார், ஆங்கிலம் அறியார், அவருக்குப் புரியாவிட்டால் பெட்டி விலைபோகாது என்று வணிகன் அறிந்தான். பெட்டிக்குத் தமிழ் கற்பித்தான். விற்பவரிடம் தமிழ் பேசும் பொறி, செலுத்துபவரிடம் மட்டும் ஏன் பேசாது? பேசாவிட்டாலும் அவர் செலுத்தித்தானே ஆக வேண்டும் என்னும் இறுமாப்பே கரணியம். வாடிக்கையாளனுக்கு வணிகன் தந்த மதிப்பைக் குடிமகனுக்கு ஆட்சி தரவில்லை.

எசுத்தோனியாவைப் பார்க்க

கைப்பேசியால் வண்டி நிறுத்தக் கட்டணம் செலுத்தும் முறையை உலகில் முதன்முதற் பரவலாக்கிய நாடுகளுள் ஒன்று எசுத்தோனியா. அந்நாட்டுத் தலைநகர் தாலினில் 2000ஆம் ஆண்டிலேயே அது தொடங்கியது. வண்டி எண்ணையும் இடத்தின் குறியையும் குறுஞ்செய்தியாக 1902 என்னும் எண்ணுக்கு அனுப்பினால் கணக்குத் தொடங்கும். புறப்படும்போது 1903ஐ அழைத்தால் முடியும். கட்டணம் தொலைப்பேசிப் பட்டியலிற் சேரும். திறன்பேசி இல்லாத காலத்தில், எளிய கைப்பேசியை வைத்துக்கொண்டு அவர்கள் இதனைச் செய்தனர்.

அந்நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு? ஏறத்தாழ 13 இலக்கம். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843. ஒரு தருமபுரி அளவுக்கும் நிறையாத மக்களைக் கொண்ட நாடு, உலகிற்கு வழிகாட்டும் கைப்பேசி முறையைத் தன் தாய்மொழியில் நடத்துகின்றது. அவர்கள் எப்போதும் உரிமையோடு இருந்தவர்களும் அல்லர். சோவியத்து ஆட்சியில் உருசிய மொழி அவர்கள்மேல் ஏறி நின்றது. 1989 சனவரியில் எசுத்தோனியமே ஆட்சிமொழி என்று முதலிற் சட்டம் செய்தனர். 1991இல் நாட்டு விடுதலையை மீட்டனர். மொழி முன்னே சென்றது. நாடு பின்னே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யோகன்னசு ஆவிக்கு என்னும் அறிஞர் அம்மொழிக்குப் புதுச்சொற்கள் பல படைத்தார். கணிப்பொறிக்கு அவர்கள் வழங்கும் பெயரும் எண் என்னும் பொருளுடைய தம் சொல்லினின்று பிறந்ததே. வண்டி நிறுத்தலுக்கு அவர்கள் அயற்சொல்லை ஏற்றுள்ளனர் என்பதும் உண்மை. ஆயினும் பலகை, பற்றுச்சீட்டு, பட்டியல், முறையீடு எல்லாம் அவர்கள் மொழியில் உண்டு. எட்டுக் கோடித் தமிழர்க்கு அது பெருங்கனவாக உள்ளது.

பழி முழுதும் பிறர்மேல் அன்று

இத்துணையும் தில்லியின் குற்றம் என்று கூறிக் கைகழுவுதல் எளிது. ஆனால் உண்மை தமிழர் பக்கமும் சுடுகின்றது. பணமாற்றுச் செயலிகளிற் பலவற்றில் மொழியைத் தமிழாக மாற்றிக்கொள்ளும் இடம் உண்டு. அதனைத் தொட்டவர் எத்தனை பேர்? தமிழ் படித்தவர், தமிழால் வயிறு வளர்ப்பவர், மேடையில் தமிழ் முழங்குபவர், இவர்களின் கைப்பேசிகளை வாங்கிப் பார்த்தால் திரையில் ஆங்கிலமே இருக்கும். தமிழ்ப் பேச்சை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பும் இழிவழக்கமும் வீட்டுக்கு வீடு உண்டு. யாரும் தமிழைத் தெரிந்தெடுப்பதில்லை என்று நாளை நிறுமத்தான் கணக்குக் காட்டினால் மறுமொழி என்ன?

சொல்லிலும் அதே சோர்வுதான். ஈழத்தமிழர் 'தரிப்பிடம்' என்று பலகை எழுதுகின்றனர். தமிழ்நாட்டில் 'பார்க்கிங்' என்பதையே தமிழெழுத்தில் எழுதிவிட்டுத் தமிழ்ப்பலகை வைத்ததாக நிறைவு கொள்கின்றனர். நிறுத்தகம் என்றால் யாருக்குப் புரியாது? பேருந்து, கைப்பேசி, மகிழுந்து என்பன எல்லாம் ஒருநாள் புதுச்சொற்களே. மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கியபோது நகைத்தவர் பலர். இன்று நகைத்தவர் மக்களும் 'பேருந்து' என்றே எழுதுகின்றனர். சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்தவர் பாவாணர். அன்று தருமபுரி சேலம் மாவட்டத்திலேயே இருந்தது. அவர் சொல்லாய்வின் ஒளி விழுந்த நிலம் இது. அந்நிலத்தின் வண்டி நிறுத்தத்தில் ஒரு தமிழ்ச்சொல்லுக்கு இடமில்லை என்பது வெட்கம்.

இதில் இன்னுமோர் இழப்பும் உண்டு. அது பணக்கணக்கில் வாராதது. அறுபது ஆண்டு வண்டி ஓட்டிய தந்தை, குறுஞ்செய்தி வந்தவுடன் கைப்பேசியைப் பள்ளிச் சிறுவனான பெயரனிடம் நீட்டி, இதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்கின்றார். பெயரன் இல்லாத வேளையில் சாவடி ஊழியனிடமோ கடைக்காரனிடமோ நீட்டுகின்றார். தம் கணக்கை, தம் இருப்பை, சில வேளைகளில் தம் மறைவெண்ணையே பிறர் கையில் ஒப்படைக்கின்றார். நேற்று வரை தாளைத் தாமே எண்ணிக் கொடுத்துத் தாமே எண்ணி வாங்கிய மானமுள்ள மாந்தர், இன்று தம் பணத்தைப் பற்றித் தாமே அறிய இயலாத கையறு நிலைக்குத் தள்ளப்பட்டார். மொழி பறிபோதல் என்பது பாட்டும் கதையும் பறிபோதல் மட்டும் அன்று. தன் காசைத் தானே எண்ணும் உரிமை பறிபோதலும் அதுவே.

செய்ய வேண்டுவன

முதலாவது, தில்லியைக் கேளாமலே தமிழ்நாட்டரசு செய்யத்தக்கது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி, கோயில், சுற்றுலா இடம் ஆகியவற்றின் வண்டி நிறுத்தங்கள் மாநில ஆட்சிக்கு உட்பட்டவை. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. வண்டி நிறுத்தக் குத்தகை ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் ஒரு வரி சேர்த்தாற் போதும்: பலகை, செயலி, பற்றுச்சீட்டு, குறுஞ்செய்தி, முறையீட்டு எண் அனைத்தும் தமிழில் முதலாவதாக இருத்தல் வேண்டும், இல்லையேல் குத்தகை இல்லை.

இரண்டாவது, நெடுஞ்சாலைச் சாவடிகளின் கட்டணச் செய்தி, இருப்பு எச்சரிக்கை, பட்டை முடக்க அறிவிப்பு ஆகியவை வண்டிக்காரர் தெரிந்தெடுத்த மொழியில் வர வேண்டும். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் அனைவரும், கட்சி எதுவாயினும், ஒருசேரக் கேட்க வேண்டுவது இது. அவர் மொழியில் அறிவிக்காத வரை அவரிடம் இரட்டைக் கட்டணம் தண்டும் அறவுரிமை சாவடிக்கு இல்லை.

மூன்றாவது, எழுத்தறியாதவர்க்கு ஒலி வேண்டும். கடைப்பெட்டி பேசும் தமிழைச் சாவடிப் பெட்டியும் பேசட்டும். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று வண்டி கடக்கும்போதே உரக்கக் கூறட்டும்.

நான்காவது, கைப்பணம் ஏற்கும் ஒரு வாயில், தண்டம் இன்றி, முதியோர்க்கும் எளியோர்க்கும் எங்கும் இருத்தல் வேண்டும். அரசு தான் அச்சிட்ட தாளைத் தானே இழிவு செய்தல் தகாது.

ஐந்தாவது, எவரிடமும் கேளாமல் இன்றே செய்யத்தக்கது. இவ்விதழை மூடிவைத்தவுடன் ஒவ்வோர் அன்பரும் தம் கைப்பேசியையும் அதிலுள்ள வைப்பகச் செயலியையும் தமிழுக்கு மாற்றுக. வீட்டிலுள்ள முதியவர் கைப்பேசியையும் மாற்றிக்கொடுத்து, ஒருமுறை உடனிருந்து படித்துக் காட்டுக. தமிழ் இல்லாத செயலிக்கு, தமிழ் வேண்டும் என்று தமிழிலேயே எழுதுக. ஒருவர் எழுதினால் குப்பைக்குப் போகும். ஓராயிரவர் எழுதினால் கணக்கில் ஏறும். வணிகனுக்குப் புரியும் ஒரே மொழி எண்ணிக்கை எனின், அம்மொழியிலும் தமிழர் பேசுவாராக.

அதியமான் பெருவழியில் இன்று வண்டி ஓடவில்லை. அதன் கல் மட்டும் அகழ்வைப்பகத்தில் நிற்கின்றது. அக்கல்லை நாட்டியவரிடம் மின்னாற்றல் இல்லை, செயற்கைக்கோள் இல்லை, கணிப்பொறி இல்லை. ஓர் உளியும், வழியில் வருபவன் தன் இனத்தான் என்னும் நினைவும் இருந்தன. அவ்விரண்டைக் கொண்டே எழுத்தறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் ஒருங்கே விடை சொல்லும் கல்லைச் செய்தனர். இன்று எல்லாக் கருவியும் உண்டு. அந்நினைவு ஒன்றே இல்லை. தகடூர்க்குச் செல்லும் தமிழன்பர் அக்கல்லைச் சென்று பார்க்க. அதன் குழிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க. பின் தொப்பூர்ச் சாவடியைக் கடக்கும்போது கைப்பேசியில் வந்து விழும் செய்தி எந்த மொழியில் உள்ளது என்றும் பார்க்க. அடுத்துச் செய்ய வேண்டுவது இன்னதென்று அவர்க்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.